சற்றே தள்ளி இரண்டு எழுத்து

நெற்றி அரிக்கிறது. சொறியக் கூடாது. சொறிந்தால் திருநீறு உதிரும், மேசையில் விரித்திருக்கும் இந்த வெள்ளைத் துணியில் விழும், வெள்ளையில் வெள்ளை தெரியாது என்று மற்றவர்கள் நினைக்கலாம், எனக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷம் அதுதானே பிழைப்பு. தோல் டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார், பாக்கெட்டை மாற்றுங்கள், இப்போது கடையில் வருவது சாணம் சுட்ட சாம்பல் இல்லை, கல்லை அரைத்து மல்லிகை சென்ட் தெளித்து விற்கிறான், உங்கள் தோலுக்கு ஆகாது என்று. மாற்றவில்லை. சோம்பல்தான், வேறென்ன. பாகீரதி இருந்திருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பாள், அவள் போய் நாலு வருஷமாகிறது, அவள் போன பிறகு வீட்டில் எந்தப் பொருளும் மாறவில்லை, நானும் அந்தப் பொருள்களில் ஒன்று. சற்று முன் இந்தக் கோயில் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, கோயில் என்றுதான் இந்தக் கிறிஸ்தவர்களும் சொல்கிறார்கள், கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். துடைக்கவில்லை. எழுபத்தொரு வயதில் யாருக்காக. இப்போது பாதிரியார் அங்கி மாற்றுகிற இந்த அறையில், வெஸ்ட்ரி என்கிறார்கள், ஜன்னலை ஒட்டிய மேசையில், எனக்கு எதிரே ஒரு வெள்ளிப் பாத்திரம். நாளைக் காலைத் திருவிருந்தில் திராட்சரசம் ஊற்றி நீட்டுகிற பாத்திரம். ஒரு சாண் உயரம், மேலே கிண்ணம், நடுவில் தண்டு, அடியில் குடை விரித்த மாதிரி பாதம். இது அதுதானா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். முதல் மணி இப்போதுதான் அடித்தது, நாலரை. ஐந்துக்கு இரண்டாம் மணி, அதோடு நாளைக்கான ஆயத்த ஆராதனை தொடங்கிவிடும், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மணியை அடித்தவருக்குக் கயிற்றை இழுக்கத் தெரியவில்லை, இரண்டு அடி சேர்ந்து விழுந்தது, பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை, பிறகு ஒன்று. வழக்கமாக அடிக்கிறவர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். மூன்று வாரமாக அவருக்குக் கயிற்றைத் தொட உத்தரவில்லை.

வேதமாணிக்கம் என்று பேர். இந்தக் கோயிலின் கோயில்குட்டி. மணி அடிப்பது, பெருக்குவது, விளக்குப் போடுவது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அவர் வேலை, முப்பத்திரண்டு வருஷமாக. அறுபதைத் தாண்டியவரைக் குட்டி என்று கூப்பிடுகிற ஊர். பாதிரியாரை ஐயர் என்று சொல்கிற ஊரும் இதுதான். போன புதன்கிழமை ஐயர் வந்திருக்கிறார் என்று கீழ்வீட்டுப் பெண் வந்து சொன்னதும், பாகீரதியின் திதிக்கு நாள் சொல்ல வந்தவர் என்று நினைத்து வெற்றுடம்போடு இறங்கிப் போனேன், கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சிரிக்காமல் சொன்னார், அதனால் பிடித்துப்போயிற்று. சென்னையில் ஏலக் கம்பெனியில் வெள்ளிச் சாமான் பார்த்துக்கொண்டிருந்த அனவரதம் நீங்கள்தானே என்றார். வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம், வந்த கையோடு கோயில் பொருள்களைப் பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். செயலாளர் தனசிங், பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெஞ்சு, விளக்கு, ஆர்மோனியம் என்று வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்தவர் பாத்திரத்தில் நின்றுவிட்டார். பதிவேட்டில் நூறு வருஷத்துக்கும் முன்னால் ஓர் உபதேசியார், ஐயருக்கு உதவியாக ஜெபம் நடத்துகிறவர், எழுதியிருக்கிறார்: வெள்ளிப் பாத்திரம் ஒன்று, 1828-ல் கர்னல் துரையின் அம்மாள் கொடுத்தது, விளிம்புக்குக் கீழே நாய் போன்ற மிருகம், பூனைத் தலை, ஒரு துரை தலை, எம் எழுத்து, சற்றே தள்ளி இரண்டு எழுத்து. தனசிங் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். நாயும் இல்லை, பூனையும் இல்லை, துரையும் இல்லை. மொழுமொழு என்று இருக்கிறது. அசலை விற்றுவிட்டு மதுரையில் போலி செய்து வைத்தாகிவிட்டது, மதுரைத் தட்டானுக்கு நாயும் தலையும் குத்தத் தெரியாததால் வெறுமனே விட்டுவிட்டான், பாத்திரத்தைத் தொட்டுப் புழங்குகிறவர் ஒரே ஆள்தான், முடிந்தது வழக்கு. திங்கட்கிழமை போலீசில் புகார். எழுதியே வைத்திருக்கிறார், அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மடித்த தாள் நீட்டிக்கொண்டிருப்பதை நான் வந்ததும் பார்த்தேன். கெட்ட மனுஷர் இல்லை. பாத்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

பதிவேட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாய் இல்லை அது, சிங்கம், ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு நடக்கிற சிங்கம், இங்கிலாந்து வெள்ளி இது, தரம் சரி என்பதற்கு அடையாளம். பூனைத் தலை லண்டன் ஊர் முத்திரை, சிறுத்தை முகம், 1821 வரை அதற்குக் கிரீடம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள், கிரீடம் போன சிறுத்தை பூனைதான், உபதேசியாரைக் குற்றம் சொல்ல முடியாது. துரை தலை அப்போதிருந்த ராஜா, வரி கட்டியாகிவிட்டது என்று பொருள். எம் எழுத்து வருஷம். வருஷத்துக்கு ஓர் எழுத்து, அந்த வரிசையில் சின்ன எம் 1827. அடுத்த வருஷம் கப்பலில் வந்து இங்கே சேர்ந்திருக்கிறது, எல்லாம் பொருந்துகிறது, எழுதியது பொருந்துகிறது, பொருளில்தான் ஒன்றும் இல்லை. உள்ளே வரும்போது வேதமாணிக்கத்திடம் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன், எதை வைத்துத் துலக்குவீர் என்று. துணி வைத்துத்தான் என்றார். என் முகத்தைப் பார்த்தார், முகத்தை இல்லை, நெற்றியை, உடனே தலையைக் குனிந்துகொண்டார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். வேறு எதுவும் சொல்லவில்லை, நான் எடுக்கவில்லை என்றுகூடச் சொல்லவில்லை, மூன்று வாரமாக யார் கேட்டாலும் இப்படித்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று தனசிங் என் காதில் சொன்னார், தப்புச் செய்யாதவன் பேசுவான் சார். எனக்கு அந்தப் பார்வை உறுத்தியது. திருநீற்றுப் பட்டையோடு வந்திருக்கக் கூடாதோ என்று மறுபடி தோன்றியது. அவருடைய வெஸ்ட்ரிக்குள் நான் இதைப் பூசிக்கொண்டு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பிடிக்காவிட்டால் போகட்டும், என் நெற்றி என்னுடையது, அரித்தாலும் என்னுடையது.

லென்ஸைக் கண்ணில் வைக்கிறேன். இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, வலது கண்ணில் நட்டநடுவில் ஒரு மங்கல், நேராகப் பார்த்தால் பார்க்கிற இடம் மட்டும் மறைந்துவிடும், கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும், அப்போது ஓரத்தில் தெரியும். கம்பெனியில் இருக்கும்போதே ஆரம்பித்தது, யாரிடமும் சொல்லவில்லை. விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலம், சுற்றி வருகிறேன், ஒன்றும் இல்லை, ஒரு கீறல், ஒரு கீறல், ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் வெள்ளி மற்ற இடத்தைவிடச் சன்னமாக இருக்கிற மாதிரி இருக்கிறது. இருக்கிற மாதிரி என்பது ஒரு வார்த்தையா. கீழ்ப்பாக்கத்து வீட்டில் நான் அப்படிச் சொல்லவில்லை, அங்கே மகா நிச்சயமாகச் சொன்னேன். அதை இப்போது நினைக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தைச் சாய்வாக விழும்படி பாத்திரத்தைத் திருப்புகிறேன், வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, நல்ல வெளிச்சம், சாய்ந்த வெளிச்சத்தில்தான் பள்ளம் மேடு பேசும். கீழ்ப்பாக்கத்தில் டியூப் லைட். டியூப் லைட்டைக் குறை சொல்லி என்ன. பெரிய வீடு, பால் ஜாடி ஒன்று, வீட்டுப் பட்டியலில் ஒரு முத்திரை எழுத்து போட்டிருந்தது, ஆங்கிலச் சின்ன என். மற்ற முத்திரையெல்லாம் தேய்ந்து எழுத்து மட்டும்தான் நின்றது. நான் பார்த்தேன், யு என்றேன். சின்ன என் 1828, யு 1835, ஏழு வருஷ வித்தியாசம், இது அந்த ஜாடி இல்லை அம்மா, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் சமைத்த செங்கமலம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள், நல்லாப் பாருங்க சார். அவ்வளவுதான் சொன்னாள். பார்த்தாயிற்று அம்மா என்றேன். இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள், பிறகு வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் கழித்து அறிக்கையோடு ஒட்டிய போட்டோ கை தவறிக் கீழே விழுந்தது, குனிந்து எடுக்கும்போது தலைகீழாகப் பார்த்தேன், சின்ன என். ஜாடியை நான் நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன், முத்திரை குத்துகிறவன் ஜாடியைக் கவிழ்த்துக் குத்தியிருக்கிறான், இது முதல் வருஷம் வேலைக்கு வந்தவனுக்கே தெரியும். கவிழ்த்த சின்ன என்தான் யு. அதே ஜாடி.

அந்த வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். நன்றி, இப்போது வேறு சமையல்காரம்மா இருக்கிறார் என்று பதில் வந்தது. பாகீரதியிடம் மட்டும் சொன்னேன், அவள் திட்டவில்லை, கடிதம் எழுதினால் ஆச்சா, நேரில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். வியாசர்பாடியில் விலாசம் தேடிப் போனேன், வீடு மாறிப் போய்விட்டாள் என்றார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள், இன்னும் இரண்டு தடவை போனேன், நாலாம் தடவை போகவில்லை. போயிருக்கலாம். போய் என்ன சொல்லியிருப்பேன், எழுத்தைக் கவிழ்த்துப் படித்துவிட்டேன் அம்மா என்றா. அவளுக்கு அந்த எழுத்தே தெரியாது. எம் என்றால் பயமில்லை, எம்மைக் கவிழ்த்தால் டபிள்யூ, அந்த வரிசையில் டபிள்யூவே கிடையாது, கவிழ்ந்து விழ வழியில்லை, ஆனால் எம் எங்கே. எடை பார்த்தேன், பதிவேட்டு ஓரத்தில் எழுதியிருக்கும் எடையைவிடக் கொஞ்சம் குறைகிறது. தேய்ந்தாலும் குறையும், மாற்றினாலும் குறையும், எடை யாருக்கும் சாட்சி சொல்லாது. இனி ஊத வேண்டும். ஊதிப் பார்ப்பது பழைய வழி, வாய்ச்சூட்டில் வெள்ளி மேல் பனி மாதிரி ஈரம் படியும், முத்திரை விழுந்த இடத்தில் உலோகம் இறுகிப்போயிருப்பதால் ஈரம் விலகுகிறபோது ஒரு கணம் வேறு மாதிரி விலகும், அந்த ஒரு கணம்தான், அதற்குள் கண் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல கண்ணுக்கே சிரமம். ஊதினேன். ஒன்றும் இல்லை. கொஞ்சம் நகர்த்தி ஊதினேன். பக்கத்தில் பார்த்தேன், மங்கலுக்குப் பக்கத்தில். ஒரு கால். தூக்கிய கால் ஒன்று, அதற்கு முன்னால் வளைந்த ஏதோ, போய்விட்டது. மறுபடி ஊதினேன், வரவில்லை. பார்க்க ஆசைப்பட்டதால் பார்த்தேனா. நல்லாப் பாருங்க சார். பார்க்கிறேன் அம்மா, கண்தான் இல்லை.

அப்போதுதான் துணியில் அதைப் பார்த்தேன். பாதத்துக்குக் கீழே, நான் பாத்திரத்தைச் சாய்த்த இடத்தில், ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. உதிர்ந்துவிட்டது. சொறியாமலே உதிர்ந்துவிட்டது, குனிந்து குனிந்து பார்த்ததில், இவர்கள் முழங்கால் போட்டு வாய் வைக்கிற பாத்திரத்தில் என் நெற்றித் திருநீறு, இந்த ஐயர் பெருந்தன்மையாக இருப்பார், தனசிங் இருப்பாரா. கைக்குட்டையை நுனி மடித்து ஒத்தி எடுத்தேன். எடுத்த பிறகும் இன்னும் கொஞ்சம் விழுந்தது. நெற்றியிலிருந்து இல்லை, நெற்றி நேராக இருக்கிறது, பாத்திரத்திலிருந்து. பாத்திரத்தைக் கவிழ்த்தேன். பாதத்தின் அடிப்பக்கம் மடிப்பு ஒன்று உண்டு, துணி போகாத மடிப்பு, அதற்குள் சுற்றிவர வெள்ளையாக அடைத்துக் கிடந்தது, ஈரமாகிக் காய்ந்து, மறுபடி ஈரமாகிக் காய்ந்து, சுண்ணாம்பு வரி போல இறுகி. நகத்தால் கீறினேன். இன்று விழுந்தது இல்லை, பல வருஷம். மூக்கருகே கொண்டுபோனேன், ஒன்றும் தெரியவில்லை, ஊதினேன், ஈரம் பட்டதும் வாசனை எழுந்தது, மல்லிகை. என் வீட்டு வாசனை. என் கையால் தினமும் காலையில் குழைக்கிற அதே பாக்கெட். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்குத் திருநீற்றைப்போல ஒன்று இல்லை, எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு முதல் பஞ்சபாத்திரம் வரை அதில்தான் பளபளத்தது, ஊரில் எந்த வெள்ளிக் கடைக்காரனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். இவரிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் கேட்டிருப்பார், இதை எதால் துலக்க என்று, ஒரு கடைக்காரன் சொல்லியிருப்பான், இவரும் இந்த ஊர்க் கடையில் வாங்காமல், வாங்கினால் தெரிந்துவிடும், பஸ் ஏறி டவுனுக்குப் போய்த் தேர் நிற்கிற தெருவில் வாங்கி, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வந்திருப்பார். முதலில் நல்ல சாம்பல்தான் கிடைத்திருக்கும், பூ மாதிரி இருக்கும் அது, வெள்ளியை ஒன்றும் செய்யாது. பிறகு கல்லுப்பொடி வந்தது. இவருக்கு எப்படித் தெரியும், எனக்கே என் தோல் சொல்லித்தான் தெரிந்தது. வாரா வாரம் சனிக்கிழமை, ஆசையாக, அழுத்தி, நாய் போய், பூனை போய், துரை போய். அதனால்தான் என் நெற்றியைப் பார்த்தார். பிடிக்காமல் இல்லை. நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று.

திருடன் என்று சொன்னால்கூடத் தாங்கிக்கொண்டு நிற்கிறார். ஆண்டவருடைய பாத்திரத்தில் முப்பத்திரண்டு வருஷம் திருநீறு தேய்த்தான் என்று சொல்லிவிடுவார்களே என்றுதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். முட்டாள் மனுஷர். ஜெயிலுக்குப் போவாராம், இதைச் சொல்ல மாட்டாராம். கோபம் வந்தது எனக்கு, யார் மேல் என்று தெரியவில்லை. ஆனால் பொடி எதை நிரூபிக்கிறது, போலியையும் இதே பொடியால் துலக்கியிருக்கலாமே, தனசிங் கேட்பார், பூகோள வாத்தியார், நியாயமாகக் கேட்பார். முத்திரை வேண்டும். கிண்ணத்துக்குள் பார்த்தேன். உள்ளே பொன் முலாம். முலாம் அப்படியே இருந்தது, விளிம்பு வரைக்கும், ஒரு தேய்ப்பு இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே முப்பத்திரண்டு வருஷம் தேய்த்த மனுஷர் உள்ளே ஒரு நாளும் அந்தப் பொடியை விடவில்லை. ரசம் நிற்கிற இடத்தில் விடவில்லை, வெறும் தண்ணீர்தான். யாரும் பார்க்காத அறையில் தனியாக நின்றுகொண்டு இவ்வளவு தூரம் வரலாம், இதற்கு மேல் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே தேயவில்லை என்றால் உள்ளே இருக்கும். வெளியே முத்திரை குத்தினால் உள்பக்கம் தகடு எள்ளளவாவது புடைத்திருக்கும், தட்டிச் சமன் செய்வார்கள், முழுக்கப் போகாது. கண் வேண்டாம் அதற்கு. விரல் போதும்.

ஐயர் வாசலில் நின்றார். கிண்ணத்துக்குள் விரல் விடலாமா என்று கேட்டேன். நான் யார், என் நெற்றியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கும் தெரியும் என்பதால் கேட்டேன். நீங்கள் உண்மையைத் தேடித்தானே விடுகிறீர்கள் என்றார், விடுங்கள் என்றார். கட்டைவிரலை உள்ளே விட்டு ஆள்காட்டி விரலை வெளியே வைத்து விளிம்போடு சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் அந்த மங்கல் இல்லை. வழவழப்பு, வழவழப்பு, நெற்றி அரிக்கிறது, இருக்கட்டும், வழவழப்பு, ஒன்று. அரிசி மணி அளவு. அதை ஒட்டி இன்னொன்று. மூன்று. நாலு. நாலும் ஒரே வரிசை. அப்புறம் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி நாலையும் தடவினேன், இருந்தன, ஆசைப்பட்டதால் இல்லை, இருந்தன. நாலு இருந்தால் போதுமா, சிங்கம், சிறுத்தை, ராஜா, எழுத்து. போதும்தான். ஆனால் விரல் நிற்கவில்லை, இன்னும் அரை அங்குலம் போயிற்று, அங்கே தனியாக, கொஞ்சம் நீளவாக்கில், ஐந்தாவது. செய்தவனுடைய முத்திரை. லண்டன் முத்திரைச் சாலைக்கு அனுப்புகிறதற்கு முன்னால் தட்டான் தன் பட்டறையில் தானே குத்திக்கொள்கிறது, அதனால்தான் வரிசையில் சேராமல் நிற்கும். சற்றே தள்ளி இரண்டு எழுத்து. நாயையும் பூனையையும் பிடித்துக்கொண்டு எல்லாரும் மல்லுக்கட்டினோமே, உபதேசியார் சற்றே தள்ளி என்று எழுதி வைத்ததை ஒருத்தர் படித்தோமா. எந்த மதுரைத் தட்டானும் வெளியே முத்திரை இல்லாத போலியில் உள்ளே ஐந்து புடைப்பை, அதுவும் ஒன்றைத் தள்ளி, வைக்க மாட்டான். அதே பாத்திரம். நிச்சயமாக, என்று சொல்ல வாய் வந்தது, அந்த வார்த்தையை மட்டும் விழுங்கிக்கொண்டேன்.

தனசிங்கைக் கூப்பிட்டேன். அதே பாத்திரம்தான் என்றேன். நாய் என்பது சிங்கம், பூனை என்பது சிறுத்தை என்று பதிவேட்டை வைத்துச் சொன்னேன், அவர் விரலைப் பிடித்து உள்ளே வைத்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடினார். நாலு, என்றார். கொஞ்சம் பொறுத்து, தள்ளி ஒண்ணு இருக்கு, என்றார். முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகமாகிவிட்டது. சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்து, எட்டாக மடித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். இதற்குள் வேதமாணிக்கத்தை வரச் சொல்லியிருந்தார்கள், வாசற்படியில் நின்றார், உள்ளே காலை வைக்கவில்லை. இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தனசிங் வாத்தியார்.

"அப்ப முத்திரையெல்லாம் எங்க போச்சு சார்? எதை வச்சுத் தேச்சா இப்படிப் போவும்?"

நூற்றுத் தொண்ணூறு வருஷம், எத்தனையோ கை, என்றேன். அதுவும் பொய் இல்லை. அவர் தலையாட்டிக்கொண்டே பாத்திரத்தை எடுக்கக் குனிந்தவர் துணியைப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். முகர்ந்தார்.

"இது என்ன வெள்ளையா? திருநாறு வாசம்லா அடிக்கி."

வாசற்படியில் வேதமாணிக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கம்பெனியில் முப்பத்தொரு வருஷம், வெள்ளியைப் பற்றி நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன், பொய் சொன்னதில்லை. தப்பு ஒரு பெண்ணை வீதியில் விட்டது. பொய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது.

"எம் மேல உள்ளது. குனிஞ்சு பாத்தேம்லா, உதுந்துட்டு. மன்னிக்கணும்."

ஐயர் என் நெற்றியைப் பார்த்தார். காலையில் இட்ட மூன்று பட்டையும் ஒன்றும் கலையாமல் இருந்திருக்கும், எனக்குத் தெரியும், இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொறியாமல் உட்கார்ந்திருந்தவன் நான்தானே. கையைத் தூக்கினேன். சொறிந்தேன். ஆசை தீர, ஐந்து விரலாலும், அரிப்புத் தீர்ந்த பிறகும் சொறிந்தேன், பொலபொலவென்று துணியில் விழுந்தது, இப்போது எது யாருடையது என்று அந்தத் தோல் டாக்டர் வந்தாலும் பிரிக்க முடியாது. தனசிங் பரவாயில்லை சார், பரவாயில்லை சார் என்றார், பாவம், அவருக்கு வெட்கமாகிவிட்டது. வேதமாணிக்கம் முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்தார்.

"ஐயரே, அது வந்து..."

"அஞ்சு ஆவப் போவுது வேதமாணிக்கம்," என்றார் ஐயர், அவர் முகத்தைப் பார்க்காமல், துணியின் நாலு மூலையையும் சேர்த்து மடித்துக்கொண்டே. "போய் ரெண்டாவது மணிய அடிங்க. நாளைக்கு இந்தப் பாத்திரந்தான்."

விடைபெற்றுக்கொண்டு மணிக்கோபுரத்துக்கு அடியில் வந்தபோது வேதமாணிக்கம் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார், அடிக்கவில்லை, எனக்காகத்தான் நின்றார். நன்றி கின்றி என்று ஏதாவது ஆரம்பித்தால் திட்டிவிடுவது என்று இருந்தேன். கைகளை இப்போது மறைக்கவில்லை. பத்து விரல் நுனியும் வெடித்திருந்தன, ரேகையே இல்லாமல், வெளுத்து. அதே பாக்கெட்.

"இனிமே எதை வச்சுத் தேய்க்க, ஐயா?"

"தேய்க்காதேயும். தண்ணி விட்டுக் கழுவும், மெத்துன துணிய வச்சு ஒத்தி எடும், போதும்."

"கறுத்துருமே."

"கறுக்கட்டும்."

அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. யோசித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். முதல் அடி விழுந்தது, அடங்க விட்டார், இரண்டாவது விழுந்தது. ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஆண்களும் பெண்களும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார்கள், நான் அவர்களுக்கு எதிராக இறங்கினேன், சிலர் என் நெற்றியைப் பார்த்தார்கள், அங்கே இப்போது ஒன்றும் இல்லை, சிவந்த தோல்தான். எண்ணினேன், பன்னிரண்டு அடி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, பாளையங்கோட்டை ரோடு வந்த பிறகுதான் வலது கட்டைவிரலை இன்னும் உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. நாலும், தள்ளி ஒன்றும், அப்படியே இருந்தன அதில், செங்கமலத்திடம் காட்டுவதற்கு.